காய்ச்சல் விட்ட பிறகு

ஜன. 9, வெள்ளி. தூறல். ஞாயிறு பூசை முடியப் பேச வேண்டியவை:
1. டெங்கு வைரசு உடம்புக்குள் புகுகிறது.
2. இரத்தத்து வெண்குழியங்களில் சும்மா இருந்த சில பரம்பரையலகுகள் வேலை தொடங்கும், சில நிறுத்தும். எவை என்று பார்க்கவே ஊருக்கு வந்த ஆய்வுக் குழு இரத்தம் கேட்கிறது.
3. காய்ச்சல் இறங்கினால் அவை அடங்கிவிட்டன. ஆபத்து முடிந்தது.

இரத்தம் கொடுக்கச் சனத்துக்குப் பயம்; விஞ்ஞானம் படிப்பித்தவன் என்று என்னைப் பேசச் சொல்லிப் பாதர் கேட்டார். மறுக்கத் தைரியம் வரவில்லை. பரம்பரையலகு என்றால் விளங்குமா? ஜீன் என்றே சொல்லலாம். மனைவி றோசலினின் தம்பி அன்ரனுக்கும் டெங்கு, மூன்றாம் நாள். கஞ்சி கொடுத்தனுப்பினோம்.

ஜன. 11, ஞாயிறு. வெயில். மூன்றையும் பேசினேன்.
"எங்கட இரத்தத்தை விக்கமாட்டினமோ மாஸ்டர்?" என்றாள் முன்வரிசைக் கிழவி.
"உன்ர இரத்தம் கருவாடு மணக்கும், ஆர் வாங்கிறது?" என்றது பின்வாங்கில் ஒரு குரல். சிரிப்பு.
அன்ரனுக்கு விடியக் காய்ச்சல் விட்டிருந்தது. "அத்தான், என்ர ஜீனெல்லாம் படுத்திட்டுது. நாளைக்குக் கடலுக்குப் போறன்."
"நாளைக்கு ஆஸ்பத்திரியில இரத்தம் பாக்க வரச் சொன்னவையெல்லே?" என்றாள் றோசலின்.
"மாஸ்டரே சொல்லிப்போட்டார், அக்கா."
3-ஐ எங்கே படித்தேன் என்று யோசித்தபடி தாளை மடித்தேன்.

ஜன. 12, திங்கள். காற்று. காலை முழுதும் அலுமாரிப் புத்தகங்கள். 1, 2 இருக்கின்றன. 3 எதிலும் இல்லை. பட்டியலுக்கு ஒரு முடிவு வேண்டுமென்று நானே எழுதியது.
மதியம் அன்ரனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, கை சில்லென்று. காய்ச்சல் இல்லை. ஆட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரி.

ஜன. 13, செவ்வாய். மழை. குடை வார்டில் மறந்தேன்.
வார்டில் இளம் டொக்டர் ஒருத்தி: "காய்ச்சல் விட்ட பிறகுதானே ஐயா கூடக் கவனம். வெண்குழியங்கள் விட்ட இரசாயனம் இன்னும் உடம்பில நிக்குது. இரத்தக் குழாயால நீர் கசியுது, பிரஷர் இறங்கிட்டுது. ஆர் இவரைக் கடலுக்கு விட்டது?"
றோசலின் அன்ரனின் போர்வையை இழுத்துவிட்டாள்.
ஆய்வுக் குழு அன்ரனிடமும் ஒரு குழாய் இரத்தம் எடுத்தது. சின்னக் குழாய். கையெழுத்து வைத்தது நான்.

ஜன. 14, புதன். இருட்டு வானம். அன்ரன் அப்படியே. ஒருமுறை கண் திறந்தான். "அத்தான், வலை எடுத்தாச்சோ?"
எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் பஸ்ஸால் இறங்க, அடுத்த வீட்டு மேரி. "மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது மாஸ்டர். நீங்கள் சொன்னமாதிரி இனிப் பயமில்லை."
"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, பிள்ளை."
"ஞாயிறு நீங்கள்தானே சொன்னனீங்கள்..."
"ஓம். நான்தான்."
அவள் ஓடினாள். இன்னும் எத்தனை வீட்டில்? ஞாயிறுவரை பொறுக்க முடியாது. கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கி கேட்டேன்.
"நான் சொல்லிவிடட்டோ மாஸ்டர்?" என்றார் பாதர்.
வேண்டாம் என்றேன். என் பெயர் சொன்னேன். 1, 2 சரி என்றேன். 3 பிழை. நான் சொன்னது பிழை.