செனட்டருக்குப் போட்ட மாலை

ஒக்டோபர் 3, வெள்ளி
சிரோக்கோ காற்று. பால்கனி முழுக்கச் செம்மண் தூசி, இரண்டு தரம் கழுவியாயிற்று. வாங்க: முட்டை, வினாகிரி, சிஞ்ஞோராவின் கண் மருந்து.

சிஞ்ஞோரா, நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, எழுதும் புத்தகம் முடியப்போகிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில், ஒரு மாநிலச் சட்டசபையில் செனட்டராக இருந்தவரின் கதை. செருப்புத் தைப்பவரின் மகன், பிறகு வக்கீல், இரண்டு தரம் வென்றவர். ஒரு பாலம் கட்டுவித்தார். பெரிதாக வேறொன்றுமில்லை. எழுதியதை மாலையில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார், ஆறு வருடமாக.

மாதக் கடைசியில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு பகேரியாவிலுள்ள தங்கை வீட்டோடு போகிறார். வேலைக்கு நிற்கும் எங்கள் இருவரில் ஒருத்தியைத்தான் கூட்டிப் போவார். நான்தான், வேறு யார்? ரஜனி வந்து இரண்டு கிழமை.

ஒக்டோபர் 6, திங்கள்
ரஜனி செய்த வேலை! மேசையில் இருக்கும் செனட்டர் படத்தை, சிஞ்ஞோராவின் செத்துப்போன புருஷன் என்று நினைத்துச் சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டிருக்கிறாள். பால்கனிச் சாடியில் நிற்கும் பொமேலியாவின் பூக்கள், எங்கள் ஊர் ஈழத்தலரிதான். குளிரில் கருகாமல் கிளை நுனிக்கெல்லாம் முட்டைக்கோது கவிழ்த்துக் காப்பாற்றுவது நான். சிஞ்ஞோராவே ஒரு பூப் பறிக்க மாட்டார்.

"ஐயாவின்ரை படம் சும்மா கிடந்துது அக்கா, பாவம்."

ஏச்சு விழட்டும் என்று காத்திருந்தேன்.

சிஞ்ஞோரா வந்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். "இவருக்கு யாருமே பூ வைத்ததில்லை." ரஜனியின் நெற்றியில் ஒரு முத்தம். எனக்கு நத்தாருக்குக்கூட இல்லை.

ஒக்டோபர் 9, வியாழன்
இப்போது வாசிப்பு ரஜனிக்கு. நான் குசினியில் கத்தரிக்காய் பொரிக்கிறேன். காதில் விழுந்தது: மூன்றாம் தேர்தலில் செனட்டர் தோற்றார், தான் வேலை பழக்கிய குமாஸ்தாவிடமே. மறுநாள் காலை அவன் வீட்டுக்கே போய், சட்டசபையில் யாரை நம்பலாம், எந்த அறையில் ஒழுக்கு, எல்லாம் சொல்லிக் கொடுத்தாராம்.

"நல்ல மனிசன், என்ன அக்கா?" என்று ரஜனி அங்கிருந்தே கேட்டாள்.

எண்ணெய் கருகிவிட்டது.

ஒக்டோபர் 13, திங்கள்
கூடப் போவது ரஜனிதான். எனக்குக் கால்சாப் பக்கம் வேலைக்கு வேறொரு வீடு பேசியாயிற்றாம், அதே சம்பளம். குறை சொல்லவும் வழியில்லை. பொறாமைதான், வேறென்ன.

பொமேலியாவும் பகேரியாவுக்கு. ரஜனி சாடியைச் சாக்கில் சுற்றிக் கட்டினாள்.

"அக்கா, குளிருக்கு இதுக்கு என்ன செய்யிறது?"

நான் சேர்த்த முட்டைக்கோது குசினித் தொட்டிக்குக் கீழே, பை நிறைய. செனட்டரின் நினைவும் வந்தது.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. அது தன்ரைபாட்டிலை நிக்கும்."

"ஓம் அக்கா. நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தாறது?"