இடது கால் மட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியும் அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் நலம். இதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு விடுங்கள், மிச்சத்தை நிதானமாகச் சொல்கிறேன். கப்பலில் இருக்கிற மனுஷனிடம் எதையும் சொல்லக்கூடாது என்று சின்னவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்லத்தானே கூடாது, எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஃபோனில் பேசும்போது, இடது கால் செருப்பு மட்டும் பத்த மாட்டேங்குதுக்கா என்றாள். மாசமா இருந்தா கால் வீங்கத்தான்டி செய்யும், ஒரு நம்பர் பெருசா வாங்கிக்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக எம்.ஆர்.ஐ. அறையில் ஊராருடைய ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிறவள் நான். ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தத் தங்கை சொன்னபோது புத்தி வேலை செய்யவில்லை.

பத்து நாள் கழித்து நேரில் போனால், தொடை வரை வீங்கியிருந்தது. அப்படியே எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காலில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா விடவில்லை. ரத்தக்கட்டு அடிவயிற்றுக்குள் இருந்தால் குழந்தை மறைத்துக்கொள்ளும், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம், கதிர்வீச்சு கிடையாது, மருந்தும் ஏற்ற வேண்டாம் என்றார்.

சொந்தக்காரர்களை நாங்களே படம் எடுப்பதில்லை. என்னோடு வேலை பார்ப்பவர் கணினி முன் உட்கார்ந்தார். நான் வளையல், கடிகாரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், வெளியே நீட்டியிருந்த அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தடதட சத்தத்தில் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிடந்தாள். வெளியே வந்ததும், உன் மாப்பிள்ளையோட குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலக்கா என்றாள்.

நாங்கள் எடுத்த முறையில் ஓடுகிற ரத்தம் கருப்பாகவும் உறைந்தது வெள்ளையாகவும் விழும். அடிவயிற்றில், இடது சிரையில், சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளை. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போகவில்லை. அன்றைக்கே ரத்தம் உறையாமலிருக்க ஊசி ஆரம்பித்தாயிற்று. குழந்தைக்கு அதனால் பாதகமில்லை. தினம் இரண்டு வேளை தானே போட்டுக்கொள்கிறாள், பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் போட வேண்டும். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. தைரியமாக இருங்கள் மாப்பிள்ளை, கப்பலை விட்டு ஓடிவர வேண்டியதில்லை. நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருப்பீர்கள்.

எனக்காக ஒன்று செய்ய வேண்டும். வீணாகப் போன அந்தப் பத்து நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கக்காதான் கண்டுபிடிச்சா என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாள். கேட்கும்போது உடம்பு கூசுகிறது. துறைமுகத்தில் இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் எனக்கு ஃபோன் செய்து நன்றாகத் திட்டிவிடுங்கள். அப்புறம் அவளிடம் பேசுங்கள்.

என்றும் உங்கள் நலம் கோரும்,
சின்னவளின் அக்கா