தொட்டிக்குள் போன செம்பு

ஜூன் 10, செவ்வாய்

தூறல். பீன்யா தொழிற்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே செருப்பெல்லாம் சேறு.

நிக்கல் முலாம் பூசும் தொட்டியிலிருந்து வந்த கைப்பிடிகள் இன்றும் கறுப்பு. வெளியே பளபளப்பு, மூலைகளில் புகை பிடித்தாற்போல. சோதனைத் தகடு ஓட்டினேன். மின்சாரம் குறைவாகப் பாயும் முனை கரிக்கட்டை. செம்பு கலந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே வருவதெல்லாம் இரும்புச் சாமான். செம்பு எங்கிருந்து?

தகட்டை சூப்பர்வைசர் சுந்தரத்திடம் நீட்டினேன். கையில் வாங்கவில்லை. "மேச மேல வெச்சிட்டு போங்க." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "இருவது வருசமா கெடாத தொட்டி. லேபுக்கு பொம்பள வந்து மூணு மாசம். அந்த மூணு நாளு லைன் பக்கம் வராதம்மான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். பாலு மாதிரி திரிஞ்சி போச்சி பாரு."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அது போன வாரமே முடிந்துவிட்டது. அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? வீடு திரும்பும் பஸ்ஸில் பதில்கள் வரிசையாக வந்தன, உதவாமல்.

ஜூன் 11, புதன்

முதலாளி கூப்பிட்டார். வழக்கம்போல் கன்னடம் கலந்த தமிழ். "நோடிம்மா, நீங்க இன்னும் பர்மனென்ட் ஆகல. சனிக்கிழமைக்குள்ள தொட்டி சரியாகணும். இல்லேன்னா திங்கக்கிழமை வரவேண்டாம். சுந்தரம் சொல்றதையும் ஸ்வல்ப, கொஞ்சம் கேளுங்க."

செய்ய வேண்டியவை:
– டம்மி. நெளித்த தகரத்தைத் தொங்கவிட்டு மெல்லிய மின்சாரம். செம்பு அதில் வந்து ஒட்டும்.
– கொக்கிகள், கம்பிகள் பார்க்க
– தொட்டியின் அடி
– சு.வுடன் பேச்சு வேண்டாம்

மாலைக்குள் தகரம் கறுத்துப்போனது. சோதனைத் தகடு பரவாயில்லை. டீ குடித்தேன். இரண்டு.

ஜூன் 12, வியாழன்

காலையில் பார்த்தால் மறுபடியும் கறுப்பு. கொக்கி, கம்பி எல்லாம் சரி. எடுக்க எடுக்க வருகிறது. உள்ளே ஏதோ கரைந்துகொண்டே இருக்கிறது.

தொட்டியைக் காலி செய்யவேண்டும் என்றேன். சுந்தரத்தின் முகம் மாறியது. "அடியில கை வெக்காதீங்க. சொல்லிட்டேன்."

கழிவறை வாசலில் நாகம்மா, சாமான்களைக் கொக்கியில் மாட்டுகிறவள், என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மேடம், நா சொன்னேன்னு சொல்லக்கூடாது. போன அமாவாசைக்கு சூப்பர்வைசரு மஞ்சத் துணியில என்னமோ முடிஞ்சி தொட்டிக்குள்ள வுட்டாரு. உங்களுக்குத்தான்னு நெனைக்கிறேன்."

ஜூன் 13, வெள்ளி

முதலாளியிடம் நேராகப் போய் அனுமதி வாங்கினேன். பச்சைக் கரைசல் முழுவதையும் பம்பு வைத்து மாற்றுத் தொட்டிக்கு இறைத்தோம். அடியில் சேறு, இரண்டு திருகு, ஒரு மஞ்சள் துணி.

துணிக்குள் செப்புத் தகடு. ஓரமெல்லாம் அரித்து, காகிதம் போல. கட்டங்கள், நடுவே என் பெயரின் பாதி. மீதியைத் தொட்டி தின்றுவிட்டது.

சுந்தரத்துக்கு வெட்கம் எதுவும் இல்லை. "உங்க நல்லதுக்குத்தாம்மா. தோசம் தொட்டிக்கும் ஒட்டக்கூடாது, உங்களுக்கும் ஒட்டக்கூடாது. ஆனேக்கல் சாமியாருகிட்ட எழுதி வாங்கினது."

இவர் தொட்டியில் பித்தளைத் திருகு ஒன்று விழுந்தாலே ஆளைத் திட்டித் தீர்ப்பவர். மந்திரம் எழுதியதும் அவர் கண்ணுக்கு அது செம்பாக இல்லை. அதே கண்ணுக்கு, பெண் என்றதும் நான் லேப் ஆளாகவும் இல்லை.

மன்னிப்பதாக இல்லை. எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனம் இளகினால் படிக்க.

ஜூன் 14, சனி

வெயில். நேற்று கரைசலைத் திரும்ப ஊற்றி டம்மி ஓட்டியதன் பலன்: சோதனைத் தகடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணாடி. என் முகம் தெரிந்தது. தூக்கமில்லாத முகம்.

முதலாளி: "திங்கக்கிழமை வந்துடுங்க. ரிஜிஸ்டர்ல பித்தள சாமான் விழுந்துச்சின்னு எழுதிடுங்க. பழைய ஆளு, பேரு பேடா, வேண்டாம்."

எழுதினேன். கலந்தது: செப்புத் தகடு. போட்டவர்: சுந்தரம், சூப்பர்வைசர். காரணம்: லேபில் பெண். திங்கட்கிழமை எனக்கு இருக்குமோ, இல்லையோ.

ரிஜிஸ்டரில் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் லைன் ஓடாது. வாசலில் சரக்கு வண்டி காத்திருந்தது. படித்ததும் முதலாளி தலையில் கை வைத்தார். பக்கத்தைக் கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "ஆயித்து, ஆச்சு, கையெழுத்து போடுப்பா," என்றார் சுந்தரத்திடம்.

சுந்தரம்: "இத போட்டா என் மானம் போவும்மா."

"செவ்வாக்கெழம எல்லார் முன்னாடியும் பேசினீங்களே சார்."

போட்டார். என் பேனாவை என்னிடம் நீட்டினார். முதல்முறையாக, கைக்கு.

"மேச மேல வெச்சிட்டு போங்க," என்றேன்.