பன்னிரண்டா, பதினாறா, இருபதா?

சேசு மரி சூசை

பீலெஃபெல்ட்,
27.10.1996

அன்புள்ள இன்னாசித்தம்பி மாமாவுக்கு,

உங்கள் அக்கா றோசம்மாவின் ஒரே மகனும் ஒரே தலையிடியுமான ஜெசிந்தன் எழுதுவது. அம்மா தனக்குச் சுகமில்லை என்று எழுதச் சொன்னார். நேற்று பதினொரு இடியப்பம் சாப்பிட்டதை எழுதவேண்டாம் என்றார். நீங்களும் நேசமலர் மாமியும் கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்து கட்டிலோடு ஒட்டிப்போயிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன்.

அப்பா வேலை செய்யும் கோழிப்பண்ணையின் முதலாளி ஹெர் புறூக்மன் ஒரு வேட்டைக்காரர். சனிக்கிழமைகளில் அவருடைய வயலில் நானும் கீழ்வீட்டு லக்ஸனும் கலைக்கிற ஆட்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வரிசையாக நடந்து பற்றைகளைத் தட்டிக் கத்துவோம். எழும்பி ஓடுவதையும் பறப்பதையும் எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் சுடுவார்கள்.

நேற்று ஒரு முயல் முயன்றது, முடியவில்லை. புறூக்மனின் மருமகன் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கால் மிகக் கிட்டவாக வெடி வைத்தான். முயலுக்குப் பின்பக்கமே இல்லை. முன்பக்கம் மட்டும் ஓடப் பார்த்தது. அது குழந்தை மாதிரிக் கத்தும் என்று நீங்கள் சொன்னபோது கதை விடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். புறூக்மன் காதைப் பிடித்துத் தூக்கிப் பிடரியில் தடியால் ஒரே ஒரு அடி. சத்தம் நின்றது. என் சொக்கு, மூக்கெல்லாம் இரத்தம். லக்ஸன் காலைச் சாப்பாடு முழுவதையும் சத்தி எடுத்தான். நான் எடுக்கவில்லை என்பதை ஊருக்குச் சொல்லுங்கள்.

இனி விஷயம். பங்குனியில் எனக்குப் பதினாறு வயது. ஜேர்மனியில் அந்த வயதில் வேட்டைப் பரீட்சை எழுதலாம். பழகுவதற்குத் துவக்கு தருவதாகப் புறூக்மன் சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த இலக்கம் என்று நான்தான் சொல்லவேண்டுமாம். ஒரு இறாத்தல் ஈயத்தை உருட்டினால் குழாய்க்குள் சரியாகப் போகும் குண்டு எத்தனை வரும் என்பதுதான் அந்த இலக்கம். ஆகவே இலக்கம் கூடினால் வாய் சிறிது, அடியும் சிறிது. இங்கத்தைய பள்ளிக்கூடப் புள்ளியும் அப்படித்தான்: ஒன்று கெட்டிக்காரன், ஆறு நான்.

பன்னிரண்டு என்றால் வாத்து முதல் முயல் வரை எல்லாம் விழும், கூடவே நானும் விழுவேன். இருபது மெலிது, நாள் முழுக்கத் தூக்கித் திரியலாம், ஆனால் கிட்ட வரவிட்டுப் பொறுமையாகச் சுடவேண்டும். பொறுமை எங்கே விற்கிறார்கள் என்று தெரியவில்லை. பதினாறு நடுவில். புறூக்மன் முப்பது வருடமாக அதுதான் வைத்திருக்கிறார். மன்னாரில் நீங்கள் குளத்து வாத்து, கௌதாரி, முயல் எல்லாவற்றையும் ஒரே துவக்கால் அடித்தீர்களே, அதைப் பறிகொடுக்கும்வரை. எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று என்றால் எது மாமா? மூன்றையும் படமாகக் கீறி, எத்தனை யாருக்குப் போகும் என்று குறித்து அனுப்புகிறேன்.

சுடுகிற விஷயம், சுடச்சுடப் பதில் வேண்டும். இது பரம இரகசியம். வாசித்தவுடன் எரித்துவிடவும்.

இப்படிக்கு,
தளபதி ஜெசிந்தன்
பீலெஃபெல்ட் படைப்பிரிவு


பீலெஃபெல்ட்,
5.12.1996

கனம் நீதவான் ஐயா அவர்களுக்கு,

என் பெயர் ஜெசிந்தன். வயது பதினைந்து. என் மாமா இன்னாசித்தம்பி தங்கியிருந்த லொட்ஜைச் சோதனை செய்தபோது அவருடைய தலையணைக்குக் கீழே அகப்பட்ட கடிதத்தை எழுதியவன் நான். அதற்காக அவரை மூன்று கிழமையாக அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதித் தரும்படி அவருடைய சட்டத்தரணி சிவகௌரி அவர்கள் கேட்டார்.

ஐயா, பன்னிரண்டு, பதினாறு, இருபது என்பவை ஆட்களோ இடங்களோ திகதிகளோ அல்ல. பறவைக்கும் முயலுக்கும் சுடும் துவக்குகளின் குழாய் அளவு. "எத்தனை யாருக்கு" என்றால் எத்தனை யார் தூரத்துக்கு என்பதுதான்; படத்தில் உள்ள அந்தத் தூரங்கள் ஃபசான் என்ற நீள்வால் கோழிக்கானவை. "கலைக்கிற ஆட்கள்" என்றால் தடியால் பற்றையைத் தட்டுகிறவர்கள். பீலெஃபெல்ட் படைப்பிரிவில் மொத்தம் மூன்று பேர்: நான், லக்ஸன், லிசா. லிசா ஒரு நாய்.

தளபதி என்று நான் எழுதியது பகிடி. எரித்துவிடவும் என்று எழுதியதும் பகிடி. பகிடியை விளக்கினால் அது பகிடியாக இருக்காது என்று எனக்குத் தெரியும். இப்போது ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை.

ஹெர் புறூக்மன் எழுதிய கடிதமும், சுட்ட முயல்கள் நாற்பத்தொன்றைப் புல்லில் வரிசையாகக் கிடத்தி எடுத்த படமும் இணைத்திருக்கிறேன். ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான்.

மாமாவின் கைகளைப் பற்றி இதில் எழுதவேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதவில்லை.

தயவுசெய்து அவரை விடுங்கள், ஐயா. கேள்வி கேட்டது நான். அவர் இன்னும் பதில்கூட எழுதவில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள
ஜெசிந்தன்


பீலெஃபெல்ட்,
19.1.1997

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள் என்று மாமி ரெலிபோன் எடுத்த அன்று அம்மா நிலத்தில் குந்தியிருந்து அழுதார். இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்கு வரும் அந்தோனிப்பிள்ளை சுவாமி தன் செபப்புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்.

மாமி அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது. கைகளைப் பின்னால் கட்டி, கட்டிய கயிற்றிலேயே தூக்கித் தொங்கவிட்டார்களாம். மண் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயாம். "பன்னிரண்டு எங்கே புதைச்சது? பதினாறு ஆருக்கு?" என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடியாம். நீங்கள் "முயலுக்கு, ஐயா" என்றீர்களாம். அவர்கள் சிரித்துவிட்டு மறுபடி அடித்தார்களாம். என் பகிடிக்கு அவ்வளவு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏன் எரிக்கவில்லை என்று அம்மா கேட்டார். நீங்கள் அதை லொட்ஜில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தீர்களாம். மன்னாரை விட்டு வந்தபிறகு சிரித்தது அன்றைக்குத்தானாம். அதனால் தலையணைக்குக் கீழே வைத்தீர்களாம் என்று மாமி சொன்னா. நீங்கள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன கிழமை இந்தப் பருவத்தின் கடைசி வேட்டை. புறூக்மனின் மருமகன் சுட்டதில் ஒரு முயலின் பின்னங்கால்கள் இரண்டும் போய்விட்டன. அது முன்காலால் இழுத்துக்கொண்டு வந்து என் சப்பாத்தடியில் கத்தியது. தடி என் கையில். ஒரு அடி காணும், இரண்டாவது தேவையில்லை, எனக்குத் தெரியும். முதல் அடியிலேயே அது செத்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஆறாவது அடியில் தடி முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தேன். புறூக்மன் ஓடிவந்து என் கையைப் பிடித்து, போதும், போதும் என்றார். அதற்கு முகம் இல்லை, காது எது என்று தெரியவில்லை. லக்ஸன் தூரத்திலேயே நின்று, "டேய், நீ ஆருக்கடா அடிச்சனி?" என்று கேட்டான்.

முயலுக்கு என்றேன்.

புறூக்மனுக்கும் மருமகனால்தான் கரைச்சல், உங்களுக்கும் மருமகனால்தான்.

மாமி ரெலிபோனை வைக்கப்போகும்போது பின்னால் உங்கள் குரல் கேட்டது. "தம்பியை இருபது எடுக்கச் சொல்லு. எல்லாத்துக்கும் அது காணும். தோளைப் பழுதாக்கப்பிடாது." உங்களுக்கு இப்போது சேட் போட்டுவிடுவது மாமிதான் என்று அம்மா பிறகு சொன்னார்.

இருபது என்று புறூக்மனிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். பெரிய வேட்டைக்காரர் ஒருவர் சொன்னார் என்றேன். பரீட்சைக்குப் போவேனா என்று தெரியாது. துவக்கு அவருடைய அலுமாரியில் இருக்கட்டும். நீங்கள் விசா கிடைத்து வாருங்கள். வந்து, எடடா என்றால் எடுக்கிறேன். போடடா என்றால் போடுகிறேன். மாதா உங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாமா, இதை மாமி உங்களுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டட்டும். லொட்ஜில் வேறு ஒருவருக்கும் காட்டவேண்டாம். எங்கேயாவது சிரிப்பு வந்தாலும் வைத்திருக்கவேண்டாம்.

வாசித்தவுடன் எரித்துவிடுங்கள்.

உங்கள் மருமகன்
ஜெசிந்தன்