காக்கி உடுப்பு வேண்டாம்

புதன்கிழமை.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது திண்டுக்கல்லில் வெல்டிங் படிக்கிறேன். என் மனைவி செல்வியின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ரெட்டியார்சத்திரம் மில்லில் வாட்ச்மேன் வேலை பேசி, இன்று உடுப்போடு வந்துவிட்டார்.

"மிலிட்டரிக்காரருக்கு இதான் மாப்ள மரியாதை. இந்த வயசுல புகைக்குள்ள கெடந்து சாகணுமா?"

"சல்யூட் அடிச்சது போதும் மச்சான். கேட்டுல நிக்க மாட்டேன். கேட்டைச் செய்யப் போறேன்."

செல்வி உடுப்பை மடித்து அவரிடமே நீட்டினாள். "இவுகளுக்கு அளவு சேராதுண்ணே, கொண்டு போங்க."

அவளிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. நான் பற்றவைத்த இரும்பை, வெல்டிங் சொல்லித்தரும் மேடம் பலம் பார்க்கிறேன் என்று இன்று சுத்தியலால் ஒரே அடியில் இரண்டாக உடைத்துவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். முகம் எரிந்தது.

உடைக்கட்டும். நாளைக்கும் பற்றவைப்பேன். அவர் சுத்தியலைத் தூக்கட்டும், பார்த்துவிடலாம்.