பத்து விளக்கில் இரண்டு

அக்கா,

இன்று உங்கள் திருநள்ளாறு புடவைக் கடையில் பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளை இறக்கினேன். உங்கள் மகன் எல்இடி போடச் சொல்லிவிட்டார். ஒன்று என் மேசையில் கிடக்கிறது. கண்ணாடிக் கூட்டுக்குள் பால்வெள்ளையில் குட்டியாய் ஒரு செராமிக் குழல், இரண்டு முனையிலும் மெல்லிய கால்.

"அது என்ன பாய், பல்லி முட்டைக்கு வாலு முளைச்ச மாதிரி?" என்று முதன்முதலில் வாங்கும்போது கேட்டீர்களே.

"வெளிச்சமே அதுக்குள்ளதான் அக்கா பொறக்குது" என்றேன். உள்ளே இருக்கும் உப்பு சூட்டில் ஆவியாகி ஒளிரும். குவார்ட்ஸ் கண்ணாடிக் குழலில் அந்த உப்பு நாளாவட்டத்தில் குறையும், நிறம் மாறும். செராமிக் அந்தச் சூட்டைத் தாங்கும், நிறம் அவ்வளவாக மாறாது. இப்படியெல்லாம் விளக்கித்தான் கூடுதல் விலைக்கு விற்றேன்.

பத்து கேட்டீர்கள். கையில் செராமிக் எட்டுதான் இருந்தது. இரண்டு வகைக்கும் மாட்டும் ஹோல்டர் ஒன்றுதானே, யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள் என்று மிச்சம் இரண்டில் குவார்ட்ஸைப் போட்டேன். முதலில் வித்தியாசமே தெரியவில்லை. நம்ம சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மகள் நிக்காஹ்வுக்கு என் மனைவி உங்களிடம் புடவை எடுத்தாள். கடை விளக்கடியில் அரக்கு நிறம்; வீட்டு வாசல் வெயிலில் பளிச்சென்று சிவப்பு. மறுநாள் கடை நிறைய ஆள். "விளக்கைப் போட்டு ஏமாத்துறீங்களா?" என்று கத்தினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் நிமிர்ந்து, வெளிச்சம் பச்சையாகிப்போன அந்த இரண்டு விளக்கையும் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

"வேற எடுத்துக்குங்கம்மா" என்றீர்கள்.

மாலையில் தனியாக வந்து மாற்றினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டே, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாய். என் கடைப் பேரு" என்றீர்கள். அதற்குப் பிறகும் என்னிடம்தான் விளக்கு வாங்கினீர்கள். என் மனைவி உங்கள் கடைப் படியே மிதிக்கவில்லை. கல்யாணம், காட்சி என்று போன இடத்திலெல்லாம் உங்களைக் குறை சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். "அந்தக்கா சாவுக்குக்கூட நான் போகலையேங்க" என்றாள்.

நாளை உங்கள் மகனிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"காலையில போகாதீங்க. அன்னைக்கு மாதிரி கடை நிறைய ஆள் இருக்கும்போது போகணும். நானும் வர்றேன்."

அன்று இறக்கிய இரண்டு விளக்கும் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன. தூக்கிப்போடக் கை வரவில்லை. நாளைக்கு அவற்றையும் எடுத்து வருகிறேன், அக்கா.