இறுக்காத நட்டு

அன்பு மகன் மதன்குமாருக்கு, கூடலூரிலிருந்து உன் அம்மா எழுதுவது. துபாயில் நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை. போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்தில் நின்று முறைப்பதால் எல்லாரும் நல்லா இருக்கோம் என்று சொல்லிவைத்தேன். அது பச்சைப் பொய்.

கல்யாண ஊர்வலத்துக்கு நம் பழைய அம்பாசிடர்தான் வேண்டும் என்று நீ சொன்னாலும் சொன்னாய், உன் அப்பா அதன் அடியிலேயே குடியிருந்தார். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சக்கரத்துக்குச் சக்கரம் நூல் பிடித்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடைத் திருகித் திருகி வெள்ளிக்கிழமை முன்சக்கரத்தை நேராக்கினார். ராகுகாலம் பிறக்கப்போகிறது என்று அவசர அவசரமாக வெளியே வந்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வடுகபட்டியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கார்த்திக்ராஜிடம் அவரே சாவியைக் கொடுத்தார். உன் அக்கா சினேகாவும் ஏறிக்கொண்டாள். குமுளி போய்விட்டு மலையிறங்கும்போது வளைவில் சக்கரம் தன் போக்கில் திரும்பி, வண்டி தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. அக்காவுக்கு வலது கை இரண்டாக முறிந்துவிட்டது ராசா. மாப்பிள்ளைக்குச் சிராய்ப்புதான், அதுவே பெரிய குற்றமாகிவிட்டது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவளுக்கு மாற்றுச்சேலை எடுக்க வந்தவரை உன் அப்பா வாசலிலேயே மறித்து, எம்புள்ளயக் கொல்லப் பாத்தியேடா என்று வீல் ஸ்பேனரால் முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடித்தார். நான் குறுக்கே விழுவதற்குள் மண்டை பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்த மனுஷர் திருப்பிக் கை ஓங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோதும், வண்டி முட்டுனதுல பட்டது சார், யாரும் அடிக்கல என்றார்.

மறுநாள் மெக்கானிக் சுரேஷ்கண்ணன் வண்டியை இழுத்துவந்து அடியில் படுத்துப் பார்த்தான். அத்தை, டை ராடு லாக் நட்டுல ஸ்பேனரே போடல, கையால திருகி விட்டுருக்காக, அதான் கழண்டுபோச்சு, யாரு ஓட்டிருந்தாலும் இந்தக் கதிதான் என்றான். ராகுகாலத்துக்குப் பயந்து ஓடியவருக்கு நட்டை இறுக்க நேரமில்லை. போய் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். மாமனார் போயி மருமகங்கிட்ட நிக்கிறதா என்று மீசையைத் தடவினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் காய்ந்து கிடந்த அதே ஸ்பேனரை எடுத்தேன். அவரை அடிக்கத்தான் எடுத்தேன், கை கார் பக்கம் போய்விட்டது. முன்கண்ணாடி, இரண்டு லைட்டு, பானட்டு, ஒன்றையும் விடவில்லை. தெருவே கூடி நின்றது, தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அப்பா வந்து அவுகள்ட்ட மன்னிப்புக் கேக்குற வரைக்கும் அந்த வாசல மிதிக்க மாட்டேன் என்று அக்கா வடுகபட்டிக்கே போய்விட்டாள். உன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய கை அவளுடையது. அவள் வராமல் தாலி கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, சுருளி வேலப்பன் உன்னைக் காப்பாற்றுவான். மறக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டு, வடுகபட்டிக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேள். ஸ்பேனர் என் தலைமாட்டில்தான் இருக்கிறது, இன்னும் கழுவவில்லை என்றும் சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சுருளியம்மாள்